அம்மு சுவாமிநாதன்: திண்டுக்கல்லின் முதல் மக்களவை உறுப்பினரும் பெண்ணுரிமைச் சட்டங்களும்

ஆய்வுச் சுருக்கம்

1952ஆம் ஆண்டு நடந்து முடிந்த முதல் பொதுத்தேர்தலில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அம்மு சுவாமிநாதன் (1894–1978). மலபாரில் பிறந்து சென்னையில் வாழ்ந்த அவர், இந்திய மாதர் சங்கம், அரசியலமைப்பு நிர்ணய சபை, இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவின் தெரிவுக் குழு, முதல் மக்களவை ஆகியவற்றின் வழியாகப் பெண்களின் சட்டச் சமத்துவத்திற்காகச் செயற்பட்டார். ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் நிலைப்பாட்டை அவையின் வாக்குப் பதிவைக் கொண்டு மட்டும் அறிய முடியுமா என்னும் வினாவை அவரது வாழ்க்கையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: அம்மு சுவாமிநாதன், திண்டுக்கல், முதல் மக்களவை, இந்துச் சட்டத் தொகுப்பு, பெண் சொத்துரிமை, வாக்குப் பதிவு.

முன்னுரை

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை மதிப்பிட முற்படுவோர் முதலில் நாடுவது அவர் எந்த மசோதாவை ஆதரித்தார், எதனை எதிர்த்தார் என்னும் கணக்கினை ஆகும். இந்திய நாடாளுமன்ற நடைமுறையில் இக்கணக்கு எளிதில் முழுமை பெறுவதில்லை. பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்கெடுப்பிலேயே எட்டப்படுகின்றன. உறுப்பினரின் பெயர் பதிவாவது பிரிவு வாக்கெடுப்பு கோரப்படும்போது மட்டுமே. அவ்வாறு பதிவாகும் இடங்களிலும் கட்சியின் கட்டளையும் உறுப்பினரின் கருத்தும் ஒன்றாகக் கலந்தே காணப்படும். எனவே ஒரு சட்டமியற்றுநரின் நிலைப்பாட்டை அவரது வாழ்க்கை, அவர் சார்ந்த இயக்கங்கள், அவர் அமர்ந்த குழுக்கள், அவர் பேசிய உரைகள் ஆகியவற்றோடு இணைத்துப் படிக்க வேண்டியுள்ளது. அத்தகைய வாசிப்புக்குத் தக்க சான்றாக அமைகிறது அம்மு சுவாமிநாதனின் வாழ்க்கை.

1. பிறப்பும் திருமணமும்

அம்மு 1894 ஏப்ரல் 22 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ஆனக்கரையில், வடக்கத்து என்னும் நாயர் குடும்பத்தில் பிறந்தார். பதின்மூன்று குழந்தைகளுள் கடைசிக் குழந்தை அவர். தந்தை கோவிந்த மேனன் அம்முவின் இளமையிலேயே மறைந்தார். பெண்களை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அக்காலத்தில் இல்லாமையால் அவரது கல்வி வீட்டுக்குள் பெற்ற எழுத்தறிவோடு நின்றது.

அவர் பிறந்த சமூகம் மருமக்கள்தாய முறையைப் பின்பற்றியது. குடும்பச் சொத்து தாய்வழியில் இறங்கியது. பெண்ணின் மக்களே தறவாட்டின் உறுப்பினராயினர். எனினும் சொத்தின் நிருவாகம் மூத்த ஆணாகிய காரணவரின் கையில் இருந்தது. நாயர்ப் பெண்ணும் பிராமண ஆணும் கொள்ளும் உறவு சம்பந்தம் எனப்பட்டது. முழுமையான திருமணம் தரும் சட்டத் தகுதி அவ்வுறவுக்கு இல்லை. உரிமையும் உரிமையின்மையும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த சூழல் அது.

பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்தவரும், வெளிநாட்டில் உயர்கல்வி பெற்றுச் சென்னையில் வழக்கறிஞராக விளங்கியவருமான சுப்பராம சுவாமிநாதன், தம் இளமையில் உதவி புரிந்த கோவிந்த மேனனின் குடும்பத்தை நாடி ஆனக்கரைக்கு வந்தார். 1908இல் அவருக்கும் அம்முவுக்கும் திருமணம் நடந்தது. மணமகளைவிட மணமகன் இருபது வயதுக்கு மேல் மூத்தவர். திருமணத்திற்கு இசைவதற்கு முன் அம்மு சில நிபந்தனைகளை விதித்தார் என்பது அக்குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. சிற்றூரில் அல்லாமல் சென்னையில் வாழ வேண்டும். ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். வீடு திரும்பும் நேரத்தைக் குறித்துத் தம்மை எவரும் வினவலாகாது. தம் சகோதரர்களை எவரும் அவ்வாறு வினவியதில்லை என்பதே மூன்றாம் நிபந்தனைக்கு அவர் காட்டிய காரணம். சுவாமிநாதன் இவற்றை ஏற்றார். சம்பந்த முறையை மறுத்து முறையான திருமணமே செய்துகொண்டார். சாதி கடந்த இத்திருமணம் இரு தரப்பிலும் எதிர்ப்பைச் சந்தித்தது.

கோவிந்த், லட்சுமி, மிருணாளினி, சுப்பராம் என நான்கு மக்கள் பிறந்தனர். லட்சுமி பின்னாளில் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கினார். மிருணாளினி நடனக்கலையில் புகழ்பெற்றார்.

2. சங்கமும் வாக்குரிமையும்

1917ஆம் ஆண்டு மே மாதத்தில் அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம் அம்முவின் பொதுவாழ்வுக்கு முதற் களமாயிற்று. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் முதலியோருடன் அதன் நிறுவனர்களுள் ஒருவராக அவர் விளங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியச் செயலர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடுவின் தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்து, ஆண்களுக்குரிய அதே அடிப்படையில் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டியது. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் அவ்வுரிமையை வழங்கியது. ஆயினும் வாக்குரிமை சொத்துத் தகுதியோடு பிணைக்கப்பட்டிருந்தமையால் மிகச் சில பெண்களே வாக்காளராயினர். சொத்தில் பங்கில்லாதவளுக்கு வாக்கிலும் பங்கில்லை என்னும் நடைமுறை, வாக்குரிமையையும் சொத்துரிமையையும் ஒன்றாகவே கேட்க வேண்டும் என்னும் பாடத்தை அன்றைய பெண் இயக்கத்திற்குக் கற்பித்தது.

குழந்தைத் திருமணத் தடை அச்சங்கத்தின் மற்றொரு குறிக்கோள். 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதைப் பதினான்காக வரையறுத்தது. ஏறத்தாழ அவ்வயதிலேயே மணமுடித்த அம்மு, அவ்வயதையும் உயர்த்த வேண்டும் என்று கோரிய இயக்கத்தில் நின்றார். 1930களின் தொடக்கத்தில் அகில இந்திய மாதர் அமைப்புகள் பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டா, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையே வேண்டும் என்று அறிவித்தன. பின்னர்த் திண்டுக்கல்லில் பொதுத் தொகுதி ஒன்றில் அம்மு போட்டியிட்டதை இந்நிலைப்பாட்டின் நடைமுறை விளக்கமாகக் கொள்ளலாம்.

1934இல் அவர் காங்கிரஸ் இயக்கத்தில் இணைந்தார். 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு போராட்டத்தையொட்டிக் கைது செய்யப்பட்டு வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். 1945ஆம் ஆண்டுத் தேர்தலின் வழியாக மத்திய சட்டசபைக்குச் சென்றார். மறு ஆண்டில் அரசியலமைப்பு நிர்ணய சபையின் உறுப்பினரானார்.

3. அரசியலமைப்பு நிர்ணய சபையில்

நிர்ணய சபையில் இடம்பெற்ற பெண்கள் பதினைவர். சென்னை மாகாணத்திலிருந்து சென்றோர் துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன், அம்மு சுவாமிநாதன் ஆகிய மூவர். துர்காபாய் பிரிவுதோறும் திருத்தங்களை முன்மொழிந்து வாதிட்டார். அம்மு குறைவாகவே பேசினார். அவரது நிலைப்பாட்டைத் தெளிவாகக் காட்டுவது 1949 நவம்பர் 24 அன்று, வரைவு அரசியலமைப்பு ஏற்கப்படுவதற்கு இரு நாள்களுக்கு முன், அவர் ஆற்றிய உரையாகும்.

அவ்வுரையில் மூன்று கருத்துகள் முதன்மை பெறுகின்றன. இந்தியா தன் பெண்களுக்குச் சம உரிமை வழங்கவில்லை என்று கூறிவந்த அயலாருக்கு, இந்திய மக்கள் தாமே வகுத்த அரசியலமைப்பு விடையளித்துள்ளது என்பது ஒன்று. அடிப்படை உரிமைகளும் அரசு வழிகாட்டு நெறிகளும் இவ்வரசியலமைப்பைத் தாங்கும் இரு தூண்கள் என்பது மற்றொன்று. நூல் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது என்பது மூன்றாவது. சட்டைப் பையிலோ கைப்பையிலோ எடுத்துச் செல்லத்தக்க சிறு நூலாக அது அமையும் என்று தாம் எண்ணியிருந்ததாக அவர் கூறினார்.

மூன்றாவது கருத்து நகைச்சுவையாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. பள்ளி செல்லாத சிறுமியாக வளர்ந்து, திருமணத்தின் நிபந்தனையாகக் கல்வியைக் கேட்டுப் பெற்ற ஒருவரின் கூற்று என்ற வகையில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. தன் உரிமை எழுதப்பட்ட நூலைச் சாதாரணக் குடிமகள் கையில் எடுத்துப் படிக்க முடியவில்லையாயின், அவ்வுரிமை வழக்கறிஞரின் அலமாரியில் தங்கிவிடும்.

4. இந்துச் சட்டத் தொகுப்பும் தெரிவுக் குழுவும்

அரசியலமைப்பு வழங்கிய சமத்துவம் அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலானது. குடும்பத்துக்குள் அதனைக் கொண்டுசெல்லும் முயற்சியே இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா. பி.என். ராவ் குழுவின் வரைவிலிருந்து உருவான இம்மசோதா 1948இல், சட்ட அமைச்சர் அம்பேத்கரை உள்ளிட்ட தெரிவுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. துர்காபாய், ரேணுகா ராய் ஆகியோருடன் அம்முவும் அக்குழுவில் இடம்பெற்றார். ஒருதார மணம், மணவிலக்கு, மகளுக்குச் சொத்தில் பங்கு, பெண் அடையும் சொத்தில் முழு உடைமை ஆகியவை அதன் மையக் கூறுகள்.

இதே காலத்தில் நிர்ணய சபை, சட்டமியற்றும் அவையாகவும் இயங்கி, 1949ஆம் ஆண்டு இந்துத் திருமணங்கள் செல்லுபடிச் சட்டத்தை இயற்றியது. மணமக்கள் வெவ்வேறு சாதியினர் என்னும் ஒரே காரணத்தால் எந்த இந்துத் திருமணமும் செல்லாததாகாது. முன்னரே நடந்த திருமணத்திற்கும் இது பொருந்தும் என்று அச்சட்டம் கூறியது. 1908இல் ஊராரின் எதிர்ப்புக்கிடையே நடந்த திருமணத்தைப் போன்றவற்றுக்கு நாற்பதாண்டுகள் கழித்துச் சட்டம் அளித்த ஏற்பு அது.

தொகுப்பு மசோதா கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அரசு அதனை 1951 செப்டம்பரில் கிடப்பில் போட்டது. அம்பேத்கர் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். பொதுத்தேர்தலுக்குப் பின் மசோதாவைப் பகுதி பகுதியாக நிறைவேற்றுவது என்பது நேருவின் திட்டமாயிற்று. இச்சூழலில்தான் அம்மு திண்டுக்கல்லுக்கு வந்தார்.

5. 1952: திண்டுக்கல் தொகுதி

அன்றைய திண்டுக்கல், மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1985இல். மலைக்கோட்டையைச் சூழ்ந்த நகரில் பூட்டுப் பட்டறைகளும் தோல் பதனிடும் தொழிலும் புகையிலை, சுருட்டு வணிகமும் இயங்கின. சுற்றியுள்ள சமவெளி, மழையையும் கிணற்றையும் நம்பிய வேளாண் நிலம். சின்னாளபட்டியில் கைத்தறி, அதனையடுத்து 1947இல் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம். பெண்களின் உழைப்பு இத்தொழில்கள் பலவற்றிலும் கலந்திருந்தது. நிலத்தின் பட்டாவோ பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருந்தது.

தேர்தல் களமும் எளிதாக இல்லை. சென்னை மாகாணத்தில் சட்டமன்றத்தின் 375 இடங்களுள் 152ஐ மட்டுமே காங்கிரஸ் பெற்றது. மக்களவையின் 75 இடங்களுள் 35ஐயே வென்றது. அந்த முப்பத்தைந்துள் ஒன்று திண்டுக்கல். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, தமிழ்ச் சமவெளிக்கு வெளியே பிறந்த ஒரு பெண்ணை, அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்ட முதல் தேர்தலிலேயே இத்தொகுதி தில்லிக்கு அனுப்பியது. வட மாநிலங்கள் பலவற்றில், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்பதற்கு மேல் தம் பெயரைக் கூற மறுத்த பெண்களின் பெயர்கள் ஏறத்தாழ 28 இலட்சம் அளவில் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட தேர்தல் அது. அப்பின்னணியில் திண்டுக்கல்லின் முடிவு தனிக் கவனத்திற்குரியது.

6. வாக்குப் பதிவைப் படிக்கும் முறை

முதல் மக்களவையின் 489 தேர்தல் இடங்களுள் 364 காங்கிரஸ் வசம் இருந்தன. பெரும்பான்மை உறுதியான அவையில் ஒவ்வொரு வாக்கின் எண்ணிக்கை மதிப்பு குறைவு. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல்தான் வந்தது. அதற்கு முன் கொறடாவின் ஆணையை மீறுவோர் சட்டப்படி பதவியிழக்க வேண்டியதில்லை. ஆயினும் கட்சி ஒழுங்கு வலுவாகவே இருந்தது.

அரசியலமைப்பின் 368ஆம் பிரிவு, திருத்த மசோதாக்களுக்குச் சிறப்புப் பெரும்பான்மையை வேண்டுகிறது. மொத்த உறுப்பினருள் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கும் தேவை. ஆதலின் அங்கே வாக்குகளை எண்ணியே ஆக வேண்டும். முதல் மக்களவைக் காலத்தில் நிறைவேறியவை இரண்டாம் திருத்தம் முதல் ஏழாம் திருத்தம் வரையிலான ஆறு. தொகுதிகளின் மக்கள்தொகை வரம்பு, உணவுப்பொருள் போன்றவற்றின் மீதான அதிகாரம், சொத்து கையகப்படுத்தலும் இழப்பீடும், மாநில எல்லை மாற்றத்திற்கான கால வரையறை, மாநிலங்களுக்கிடையிலான விற்பனை வரி, மாநிலச் சீரமைப்பு ஆகியவை அவற்றின் பொருள்கள். அவற்றுள் ஒன்றுகூடப் பெண்ணுரிமையைப் பற்றியதன்று.

பெண்களின் வாழ்க்கையை மாற்றிய சட்டங்கள் சாதாரண மசோதாக்களாகவே வந்தன: 1954இன் சிறப்புத் திருமணச் சட்டம், 1955இன் இந்துத் திருமணச் சட்டம், 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், அதே ஆண்டின் இளவர் காப்பாளர் சட்டம், சுவீகாரம் மற்றும் பராமரிப்புச் சட்டம். இவ்வகை மசோதாக்களுக்குக் குரல் வாக்கே போதும். எவரேனும் கோரினாலன்றிப் பெயர்கள் பதிவாவதில்லை. ஆகவே பெயர்வாரியான எண்ணிக்கை கட்டாயமாகும் இடங்களில் அம்முவின் தனித்த கருத்து வெளிப்பட வாய்ப்பில்லை. அவர் வாழ்நாள் முழுதும் உழைத்த பொருளிலோ பெயர்ப் பதிவு தற்செயலானது. வாக்குப் பதிவை மட்டும் நம்பும் வாசிப்பு, ஓர் உறுப்பினரின் பொதுவாழ்வில் எது மையம், எது ஓரம் என்பதையே தலைகீழாக்கிவிடக் கூடும். தெரிவுக் குழுவில் அமர்வதும், சட்டத்திற்கு வெளியே சங்கத்தின் வழியாகக் கருத்தைத் திரட்டுவதும் வாக்களிப்பைவிட வலுவான சான்றுகளாகின்றன.

7. சட்டங்களின் எல்லை

முதல் மக்களவை இயற்றிய சட்டங்களைத் திண்டுக்கல் பெண்ணின் நிலையிலிருந்து நோக்கினால் அவற்றின் ஆக்கமும் குறையும் ஒருங்கே புலனாகும். ஒருதார மணமும் மணவிலக்கும் சென்னை மாகாண இந்துக்களுக்கு 1949ஆம் ஆண்டு மாகாணச் சட்டத்திலேயே கிடைத்திருந்தன. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை நாடு முழுவதற்கும் விரித்தது. புதிதாகக் கிடைத்தது சொத்துரிமை. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, கைம்பெண் உள்ளிட்ட இந்துப் பெண்கள் தம் வசமுள்ள சொத்தை வாழ்நாள் அனுபவத்துக்கு மட்டுமன்றி முழு உடைமையாகவே பெற வழிசெய்தது. மருமக்கள்தாயத்தாருக்கெனச் சிறப்பு விதிகளை 17ஆம் பிரிவு வகுத்தது.

குறைகளும் உண்டு. மிதாட்சரக் கூட்டுக் குடும்பத்தின் பிறப்புவழிப் பங்குரிமை ஆண்களுக்கே நின்றது. தந்தையின் பங்கில் மட்டுமே மகளுக்கு ஒரு கூறு கிடைத்தது. குடியிருப்பு வீட்டைப் பங்கிடுமாறு கேட்க, ஆண் வாரிசுகள் முன்வரும்வரை பெண் காத்திருக்க வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டுத் தெரிவுக் குழு முன்வைத்த வடிவத்தைவிட இது பின்தங்கியது. தமிழ்நாடு 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மகளைப் பங்குரிமையாளராக்கியது; நாடு முழுவதும் அந்நிலை 2005இல்தான் ஏற்பட்டது.

திருமணச் சட்டத்திலும் தமிழகத்திற்கே உரிய ஓர் இடைவெளி இருந்தது. சடங்குகளை நீக்கிய சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1950களின் தொடக்கத்தில் தீர்ப்பளித்தது. வழக்காற்றுச் சடங்குகளை வேண்டிய 1955ஆம் ஆண்டுச் சட்டமும் அத்திருமணங்களுக்கு இடம் தரவில்லை. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தமே அவற்றுக்கு ஏற்பளித்தது. தில்லியில் தேசியப் பெண் இயக்கம் கண்ட சமத்துவமும், தமிழ்ச் சிற்றூர்களில் சுயமரியாதை இயக்கம் கண்ட சமத்துவமும் ஒன்றையொன்று சந்திக்காமல் நின்ற இடம் இது. அம்மு சார்ந்திருந்த அரசியலின் எல்லையையும் இவ்விடமே காட்டுகிறது.

8. பிற்காலம்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழிச் சீரமைக்கப்பட்டபோது மலபார் கேரளத்தோடு இணைந்தது. திண்டுக்கல் சென்னை மாநிலத்தில் நின்றது. அம்மு பிறந்த ஊரும் அவரைத் தேர்ந்தெடுத்த ஊரும் இரு மாநிலங்களாயின. பின்னர் அவர் மாநிலங்களவையிலும் உறுப்பினராக இருந்தார். 1959இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது அதன் துணைத் தலைவரானார். பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1978 ஜூலை 4 அன்று மறைந்தார். பெண்ணின் திருமண வயதைப் பதினெட்டாக உயர்த்திய சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டில்தான்.

திண்டுக்கல் 1962இல் மீண்டும் ஒரு பெண்ணை மக்களவைக்கு அனுப்பியது. காந்திகிராமத்தை நிறுவிய சௌந்தரம் இராமச்சந்திரனே அவர். ஒன்றியக் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். முதல் மூன்று பொதுத்தேர்தல்களுள் இரண்டில் பெண்ணைத் தேர்ந்த தொகுதி என்னும் தகுதி திண்டுக்கல்லுக்கு உரியது.

முடிவுரை

அம்மு சுவாமிநாதனின் நிலைப்பாடுகள் அவையின் பெயர்ப் பட்டியலில் தொடங்கவில்லை. வீடு திரும்பும் நேரத்தைக் கேட்கலாகாது என்ற நிபந்தனையில் தொடங்கின. குடும்பத்துக்குள் ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்னும் அக்கோரிக்கையே சங்கத்தில் வாக்குரிமையாகவும், நிர்ணய சபையில் சமத்துவமாகவும், தெரிவுக் குழுவில் சொத்துரிமையாகவும் விரிந்தது. அவர் பங்கேற்ற அவைகள் இயற்றிய சட்டங்கள் அக்கோரிக்கையின் ஒரு பகுதியையே நிறைவேற்றின. எஞ்சியவை 1967, 1989, 2005 ஆகிய ஆண்டுகளுக்குக் காத்திருந்தன. ஒரு சட்டமியற்றுநரை அளவிடும்போது அவர் எவ்வாறு வாக்களித்தார் என்பதோடு, அவ்வாக்கெடுப்பு நிகழும் நிலையை உருவாக்க அவர் என்ன செய்தார், அச்சட்டம் யாரைச் சென்றடையாமல் நின்றது என்பவற்றையும் கேட்க வேண்டும். திண்டுக்கல்லின் தேர்தல் வரலாற்றையும் தமிழகப் பெண்ணுரிமை வரலாற்றையும் இணைத்து ஆராய்வதற்கு அம்முவின் வாழ்க்கை வழி திறக்கிறது.